பின்னறையில் டீக்காளான்

ஜூன் 17, செவ்வாய்

அனுப்பிரியா டீச்சர் இன்று எனக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். உள்ளே கொஞ்சம் புளித்த டீ, அதில் வட்டமாக ஒரு சவ்வு. அப்பளம் தண்ணீரில் ஊறிப்போனால் இருக்குமே, அந்த மாதிரி. இதை வைத்து வீட்டிலேயே கொம்புச்சா போடலாமாம். சீனி கலந்த டீயை ஆறவைத்து இந்தச் சவ்வை மிதக்கவிட்டால், அது சீனியைத் தின்று டீயைப் புளிக்க வைக்கும். மேலே புதிதாக இன்னொரு சவ்வும் வளரும். பழைய சவ்வுக்குத் தாய் என்று பெயர்.

அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சி. பதினொன்றாம் வகுப்புக்கு நொதித்தல்தான் தலைப்பு. மற்றவர்களுக்கெல்லாம் தயிர், இட்லி மாவு, பழைய சோறு என்று தெரிந்த சாமான். எனக்கு மட்டும் இது. டீச்சருக்குச் சொந்த ஊர் கொடைக்கானல். அங்கே அவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஜாடி இருக்குமாம்.

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, கறிக்கடையில் தூக்கிப் போடுகிறதை எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டாள். அப்பாதான் குனிந்து நன்றாகப் பார்த்தார். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. ஆய்வுக்கு வந்தவர்கள் லைசென்ஸை நிறுத்திவைத்துக் கேட்டைப் பூட்டியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். பார்ப்பதற்கு அவருக்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று இருந்தது எனக்கு.

"இதுல கேஸ் வருமா தாயி?"

வரும் என்றேன்.

"அப்ப இறுக்கி மூடாத. இறுக்கிப் பிடிச்சா எதுவும் வேலயக் காட்டும்."

பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, ஜாடி வாயில் அவரே ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். ஜாடி பின்னறையில் இருக்கிறது. வெளிச்சம் படக்கூடாது, யாரும் அசைக்கக்கூடாது. தகரக் கூரை, சூடு அதிகம். வேறு இடமில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. டீ டீயாகவே இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மேலே பால் ஏடு மாதிரி மெல்லியதாக ஒன்று படர்ந்திருக்கிறது. வேலுத்தாய் அத்தை பார்க்க வந்தாள். பக்கத்து வீடு; எங்கள் பின்னறைக்கும் அவளுடைய உள்ளறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தையோடு அந்த அறையில்தான் படுத்திருக்கிறாள்.

"அங்கன எம்மக பெத்துருக்கா. இங்கன உன் டீ பெத்துருக்கு. நல்ல செவுருதான் போ" என்றாள் அத்தை. அவள்தான் இதற்கு டீக்காளான் என்று பெயர் வைத்தாள். இப்போது தெருவில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். டீக்காளான் எப்படி இருக்கு?

ஜூன் 24, செவ்வாய்

அதற்குள் புளித்துவிட்டது. டீச்சருக்கு ஒரு சொட்டு கொண்டுபோனேன். கொடைக்கானலில் இதற்கு இரண்டு வாரம் ஆகுமாம். "உங்க ஊர்ல வெயிலே அடுப்பு மாதிரி வேலை செய்யுது" என்று சிரித்தார்கள். எல்லாவற்றையும் சீக்கிரம் சீக்கிரம் பார்த்துக்கொள் என்றும் சொன்னார்கள்.

புதுச் சவ்வைப் பிரித்து இரண்டாவது ஜாடி போட்டேன். அடுக்களையில் சீனி தீர்ந்திருந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருந்தாள், கேட்க ஆள் இல்லை. பின்னறைப் பரணில் ஒரு எவர்சில்வர் தூக்கில் சீனி இருந்தது. ரேஷன் சீனி போல, கொஞ்சம் பொடி. அதையே போட்டுவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. வீடுகளில் வைத்துப் பட்டாசு தயாரித்தால் கடும் நடவடிக்கை, தகவல் சொல்பவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று ஒரு போன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வருடா வருடம் வருகிற ஆட்டோதான். சத்தம் தெருமுனை தாண்டும்வரை அம்மா பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டாவது ஜாடி செத்துவிட்டது. புது ஏடு வரவில்லை. புளிப்பு வாடையும் இல்லை. சவ்வு அடியில் போய்ச் சுருண்டு கிடக்கிறது, ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சை. என்ன தப்பு செய்தேன் என்று முதலிலிருந்து யோசித்தேன். தண்ணீர் அதே தண்ணீர். டீத்தூள் அதே டீத்தூள். சீனி மட்டும் வேறு.

தூக்கை இறக்கி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

இனிப்பு இல்லை. கரிப்பு. அப்புறம் நாக்கு சிலுசிலுவென்று குளிர்ந்தது.

உடனே துப்பிவிட்டேன். எனக்கு அது என்னவென்று தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா சொல்லியிருக்கிறார். வெடியுப்பை நாக்கில் வைத்தால் ஐஸ் வைத்த மாதிரி சிலுக்கும், அதை வைத்தே பழைய ஆட்கள் சரக்கு நல்லதா என்று சொல்லிவிடுவார்கள் என்று.

பரணில் பழைய சேலைக்கு அடியில் கை விட்டேன். காகிதக் குழாய்கள். கட்டுக் கட்டாக. திரி. தூக்கைத் திரும்ப வைத்தபோது அது பலகையில் தட்டியது. தட்டக்கூடாது. தட்டக்கூடாதுதானே?

அப்பா வீட்டில் வைத்துச் செய்கிறார்.

ஜூலை 1, செவ்வாய்

அம்மாவுக்குத் தெரியுமா என்று பார்க்க, பரணில் சீனித் தூக்கு எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அதத் தொட்டியா?"

இல்லை என்றேன்.

"தொடாத."

அவ்வளவுதான். அப்புறம் நாளைக்கு என்ன குழம்பு என்று பேசினாள்.

ஜூலை 3, வியாழன்

அப்பா பின்னறைக் கதவுக்கு உள்பக்கம் புதுக் கொண்டி அடித்தார். என்னைக் கூப்பிட்டு, உள்ளே கொஞ்சம் சாமான் வைத்திருக்கிறேன், யாரையும் விடாதே என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஜாடிக்காகப் போனாலும் கொண்டி போட்டுக்கொண்டுதான் உள்ளே நிற்க வேண்டும். வேலுத்தாய் அத்தை எட்டிப் பார்க்கிற ஆள். ஏதோ ஆர்டராம். முடிந்ததும் எடுத்துவிடுவாராம்.

என்னென்ன சொல்லித் தந்திருக்கிறார் எனக்கு. மருந்து அறைக்கு எதிரெதிரே இரண்டு கதவு இருக்க வேண்டும். இரண்டும் திறந்தே இருக்க வேண்டும், வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், ஓடுகிறவன் கதவை இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. வெயில் ஏறினால் கலக்கக் கூடாது. இதெல்லாம் கம்பெனியில் அவர் சண்டை போட்டு வாங்கிய விஷயம். மேனேஜரிடமே, "கதவச் சாத்தினா நான் வீட்டுக்குப் போறேன்"னு சொன்னவர்.

எங்கள் பின்னறைக்கு ஒரே கதவு. உள்பக்கமாகத் திறக்கும். இப்போது கொண்டியும்.

பயமாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

முதல் ஜாடி நன்றாக வந்திருக்கிறது. பழைய இரும்புக் கடையில் வாங்கிக் கழுவிக் காயவைத்த ஜூஸ் பாட்டில்கள், கண்ணாடி. வடிகட்டி ஊற்றி, நாவல்பழத்தைப் பிசைந்து சாறு விட்டேன். இப்படிப் பழம் போட்டு இறுக்கி மூடி வைத்தால் சோடா மாதிரி பொங்குமாம். தினமும் ஒரு தடவை மூடியைத் திருகிக் காற்றை வெளியே விடணும், மறக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். நிறம் அப்படி ஒரு ஊதா. அலமாரியில் வரிசையாக வைத்தேன்.

அப்பா இல்லாத நேரத்தில் மாரிச்செல்வி பார்க்க வந்தாள்; வாசலோடு காட்டி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். என் வகுப்புதான், பேருந்தில் பக்கத்து சீட்டும் அவள்தான். அவளுடைய அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பட்டாசுக்குத் திரி வைக்கப் போய், வீட்டோடு போய்விட்டாள். அவளிடம் யாரும் அதைப் பேசுவதில்லை.

பின்னறை வாசலில் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். நான் பாட்டிலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். அவள் பாட்டிலைப் பார்க்கவே இல்லை.

"உங்க வீட்ல மருந்து வாட அடிக்கு எழில்."

அப்பாவின் சட்டையாக இருக்கும் என்றேன். மருந்து கலந்தவர் சட்டையில் வாடை போகாது என்று. அவர் வேலைக்குப் போகாமல் எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கும் தெரியும். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

பேருந்தில் மாரிச்செல்வி பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டோவில் சொன்ன போன் நம்பர் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நான் மனப்பாடம் செய்யவில்லை. அதுவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் போன் கையில்தான் இருக்கிறது, அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

போன் செய்தால் அப்பாவைக் கூட்டிப் போவார்கள். பேப்பரில் பெயர் வரும். செய்யாவிட்டால்? சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுவது இங்கே கேட்கிறது. அது அழும்போதெல்லாம் எனக்கு, குழந்தையை எங்காவது தூக்கிக்கொண்டு ஓடு என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. யாரிடம் சொல்வது? நான் யார் பக்கம்?

ஜூலை 9, புதன்

பாட்டில்களைத் திறந்து காற்றை விட்டேன். புஸ்ஸென்று வந்த வேகத்தில் மூடி கையை விட்டுப் போகப் பார்த்தது. கொடைக்கானல் கணக்கு இங்கே ஆகாது.

ஜூலை 11, வெள்ளி

நேற்றிலிருந்து பின்னறைக்கு வெளியே பூட்டு. ஆர்டரை முடிக்க வேண்டுமாம். அப்பா உள்ளேயே இருக்கிறார், வெளியே வந்தால் பூட்டிவிடுகிறார். பாட்டில்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. தகரம் கொதிக்கிறது.

"அப்பா, பாட்டிலைத் திறந்துவிடணும்."

"ரெண்டு நாளு கெடக்கட்டும் தாயி. என்ன ஆயிரப்போவுது?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. கம்பெனியில் ஏதாவது நடந்தால்கூட, "சத்தம் கேட்டுச்சு" என்றுதான் சொல்வோம். எந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு, எம்புட்டுப் பேரு. அப்படித்தான். "பாட்டில் சத்தம் போட்டிரும்ப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்.

ஜூலை 12, சனி

இடது கையில் கட்டு. எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை. நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

அப்பா காலையில் சாத்தூருக்குப் போனார். அம்மா ஆபீசில். சாவி எப்போதும் போல சாமி படத்துக்குப் பின்னால். பள்ளி விடுமுறை. நான் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கொண்டி போட்டேன். போடச் சொல்லியிருந்தாரே, அதனால் போட்டேன். கை தானாகப் போட்டது.

தரையில் நனைந்த சாக்கு, அதற்குக் கீழே குவியல். பார்க்காமல் சுற்றி நடந்து அலமாரிக்குப் போனேன். முதல் பாட்டில் மேல் ஈரத் துணியைப் போட்டு மெதுவாகத் திருகினேன். நுரை பொங்கி முழங்கைவரை வழிந்தது. சரி, இப்படியே ஒவ்வொன்றாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்ததில் கை வைக்கவே இல்லை. அதுவாக.

சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் இல்லை என்று இப்போது சொல்வேன். ஓலை வெடி அளவுகூட இருந்திருக்காது. ஆனால் தகரத்துக்குக் கீழே, சாத்திய அறையில். காது அடைத்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் தெரியாது. சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்று.

வெளியே தெரு முழுக்கக் கத்தல். சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மணல் வாளி வைத்திருப்பவர்கள் மணல் வாளியோடு. எல்லாரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எந்த வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியென்றால் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாகவோ.

அப்பா அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்திருக்கிறார். அவர் குரல் கேட்டது. "பூட்டு தெறந்து கெடக்கே, யாரு உள்ள, யாரு உள்ள." அப்புறம் என் பெயர். கதவைத் தள்ளினார். கொண்டி.

"எழிலு, கொண்டிய எடு தாயி. எடுத்துரு. எடுத்துரு."

எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் தோளால் இடித்தார். புதுக் கொண்டி, நன்றாக அடித்திருந்தார். எத்தனை தடவை இடித்தார் என்று தெரியாது. கடைசியில் கொண்டி விடவில்லை, பலகைதான் பிளந்தது.

நான் முழுக்க நாவல்பழச் சாறு. முகம், தாவணி, சுவர், எல்லாம் ஊதாவும் சிவப்பும். அதில் கையில் வெட்டிய இடத்து ரத்தம் கொஞ்சம்தான். அவருக்கு அது தெரியவில்லை. என்னைத் தூக்கவும் இல்லை, தொடவும் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலுத்தாய் அத்தைதான் அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். என் முகத்தை முந்தானையால் துடைத்தாள். விரலை மோந்து பார்த்தாள். "பழம்ப்பா. ஒண்ணுமில்ல, பழச்சாறு" என்று வெளியே சொன்னாள். உடைந்த பாட்டில் துண்டை எடுத்துக் காட்டினாள். அதற்கப்புறம்தான் சாக்கைப் பார்த்தாள். காலால் ஓரத்தை விலக்கினாள். வாசலில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் அந்த வேலை தெரிந்தவர்கள்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஏலே ஊர்க்காவலா. செவுத்துக்கு அந்தப் பக்கம் எம்மக பச்சப்புள்ளயோட படுத்திருக்கா. உனக்குத் தெரியும்லே."

அப்பா தலையை ஆட்டினார். தெரியும் என்று.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று மதியமே அப்பா எல்லாவற்றையும் நனைத்துவிட்டார். தெருக்காரர்கள் தூக்கி வந்த தண்ணீர்தான். குடங்களை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஒவ்வொன்றாக அவரே ஊற்றினார். இன்று விடிவதற்குள் அள்ளிக்கொண்டு போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா கட்டைப் பிரித்து மஞ்சள் வைக்கும்போது, "தொடாதன்னு சொன்னேன்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அத அவுககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

ஆர்டர் கொடுத்த ஏஜெண்ட் பாலகுரு பைக்கில் வந்தார். வாசலில் நின்று ரொம்ப நேரம் கத்தினார். சரக்கு எங்கே, முதலாளிக்கு நான் என்ன சொல்ல. அப்பா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நனைச்சிட்டேன்யா" என்றார். அப்புறம், "எம்பிள்ள உள்ள இருந்துச்சு" என்றார். பாலகுரு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து வாசலில் வேலுத்தாய் அத்தை பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நம்பர் இன்னும் மனதில்தான் இருக்கிறது. போகவில்லை.

ஜூலை 18, வெள்ளி

டீச்சர் கைக்கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். பாட்டில் உடைந்துவிட்டது என்றேன். தினமும் திறந்துவிடச் சொன்னேனே என்றார்கள். கதவு பூட்டியிருந்தது டீச்சர் என்றேன். அடுத்த தடவை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்று, அமுக்கிப் பார்த்தாலே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார்கள். வேறு கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அப்பா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டார். காலண்டர் சீசன், பண்டல் கட்டி லோடு ஏற்றுகிற வேலை. முதுகு வலிக்கிறது என்கிறார். சட்டையில் மை வாடை.

ஜூலை 30, புதன்

கண்காட்சி முடிந்தது. பழைய சோற்றுக்குத்தான் முதல் பரிசு. எனக்கு ஒன்றுமில்லை. தலைமை ஆசிரியர் ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மாரிச்செல்வி என் மேஜையைத் தாண்டிப் போகும்போது நின்று, கண்ணாடி வெட்டிய தழும்பைப் பார்த்தாள். "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பின்னறைக்குக் கதவு கிடையாது. பிளந்த பலகையை அப்பா மாற்றவில்லை. கழற்றிச் செதுக்கி ஜாடிக்கு ஒரு தட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். கொண்டி அடித்த இடத்தில் ஆணி ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. வெளிச்சம் வருகிறதே என்று சொன்னேன். ஜாடிக்கு ஒரு சாக்கைச் சுற்றிக்கொள், கதவு வேண்டாம் என்றார்.

காலையில் வேலைக்குப் போகுமுன் பாட்டில்களை அவர்தான் திறந்துவிடுகிறார். முதலில் அமுக்கிப் பார்க்கிறார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, அரைச் சுற்று. புஸ். கொஞ்சம் நிற்கிறார். அடுத்தது.

இன்று மாரிச்செல்வி வந்தாள். நான் பாட்டிலை வெளியே எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே பின்னறைக்குப் போனாள். வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்புட்டுப் புளிப்பு" என்றாள். பல்லெல்லாம் ஊதா. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. அது அழுகை இல்லை, சும்மா தனக்குத்தானே பேசிக்கொள்கிற சத்தம். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் தம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள்.